மூதின் முல்லையும் தாபத நிலையும்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களிலும் கிள்ளான் பள்ளி விழாக்களிலும் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் பேச எழுவோர், புறநானூற்றின் 279ஆம் பாட்டைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மூதின் முல்லைத் துறையினது. ஒரு போரில் தன் ஐயையும் (தந்தை என்பாரும் தமையன் என்பாரும் உளர்), அடுத்த போரில் கணவனையும் இழந்தவள், பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குக் குடுமி வாரி, வேல் கொடுத்து அனுப்புகிறாள். 1943இல் மலாயாவில் மகனை அப்படைக்கு அனுப்பிய தாயர்க்கு இவளை உவமை கூறுதல் எளிது. அது பொருந்துமா என்பதே வினா.

பாட்டை ஊன்றிப் படித்தோர் ஒன்றை அறிவர். அத்தாயின் துணிவைக் கண்டு புலவரே திடுக்கிடுகிறார். அத்திடுக்கீட்டோடுதான் பாட்டே தொடங்குகிறது. நம் மேடைகளில் அது உதிர்ந்துவிட, முழக்கமே எஞ்சுகிறது.

மேலும், புறநானூற்றுத் தாய் மறக்குடியில் பிறந்தவள். நம் தாயருள் பலர் பால்மரம் சீவியவர். இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவரும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மதிப்பும் வேண்டி எழுந்த வேலைநிறுத்தம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஈராண்டு கழித்து நேதாஜியின் அழைப்பைக் கேட்டவர்கள் அதையெல்லாம் மறந்திருக்க இயலாது. சயாம் இரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படும் அச்சமும் உடன் நின்றது. (ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைக் கற்பிப்போர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.) இவற்றை விடுத்து ‘வீரத்தாய்’ என்று மட்டும் கூறுவது அவளை அறியாமல் புகழ்வதாகும்.

மகன் போனபின் வீட்டில் நிகழ்ந்தது என்ன? இதற்கு விடைதேடின் 248ஆம் பாட்டிற்குச் செல்ல வேண்டும். அதைப் பாடியவரும் ஒக்கூரர்தாம், மாசாத்தனார். துறை தாபத நிலை. இளமையில் தழையுடையாக உதவிய வெள்ளாம்பல், கணவன் மாய்ந்தபின் உணவாகிறது. அதுவும் வேளை தவறி உண்ணும் அல்லியரிசி. அவன் போரில் மடிந்தான் என்று பாட்டுக் கூறவில்லை. இறந்தான் என்பதே செய்தி. உண்பவளுக்கு அதற்குமேல் வேறுபாடில்லை. சப்பானியர் காலத்தில் அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கை அவித்துண்ட தோட்டத்து இல்லங்களை அறிந்த மாணவர்க்கு இப்பாட்டு உரையின்றியே விளங்கும். ஆயினும் மேடையில் இதைச் சொல்வார் அரியர். கைதட்டல் கிடைக்காது என்பதனாலோ என்னவோ.

பர்மாவில் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் வீழ்ந்தோரின் உடல் இல்லம் சேரவில்லை. புறநானூற்று மறவனுக்கு நடுகல்லேனும் உண்டு. இவர்களுக்கென 1945 சூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். அதே தீவின் கிராஞ்சியில், பிரிட்டானியப் பேரரசின் பக்கம் நின்று மாண்டு, கல்லறை அறியப்படாதோர் 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. தகர்த்த இடத்தில் நினைவுக்குறி ஒன்று வைக்கப்பட்டது 1995இல். 1943இல் இருபது வயதில் கணவனை வழியனுப்பிய பெண்ணுக்கு அப்போது வயது எழுபத்திரண்டு.