கழுதைக்கு வந்த திருத்தம்

பழமொழிக்குத் திருத்தம் கூறுவது இந்நாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையுள்ள தமிழ்ப்பள்ளிகளில் மொழியணிப் பாடத்தில் பழமொழிக்கும் இடமுண்டு. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இத்திருத்தங்கள் புலனத்தின் வழியே வந்துகொண்டிருக்கின்றன.

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது பிழையாம். கழு என்னும் கோரையைப் பாயாகத் தைத்தால் கற்பூர மணம் தெரியும் என்பதே முன்னோர் கருத்தாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசம்' என்றும் தமிழில் வழங்குகிறதே! அங்கே தைப்பதற்கு இடம் ஏது? கன்னடத்தார் இதே கழுதையைக் கத்தூரிக்கு முன் நிறுத்துவர். தெலுங்கர் சந்தனத்துக்கு முன் நிறுத்துவர். இந்தியில் குரங்குக்கு இஞ்சிச் சுவை தெரியாது. மலாயில் குரங்குக்குப் பூ கிடைக்கும். அருமை அறியாதாரிடம் அரியது சேர்வதைப் பல மொழியாரும் கண்டிருக்கின்றனர். அம்மொழிகளில் எல்லாம் கோரைப்புல்லைத் தேடுவார் யார்? கழுதையின் மானத்தைக் காக்கும் கவலை தமிழர்க்கு மட்டும் ஏன் வந்ததோ!

சட்டிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதற்கு, சஷ்டி நோன்பிருந்தால் கருப்பையில் மகவு வரும் என்று பொருள் உரைக்கின்றனர். சஷ்டி தமிழில் சட்டியாவது உண்மையே. நோன்பின் பெருமையும் வேறு. ஆயினும் அகப்பை என்பது அடுக்களையில் நாளும் புழங்கிய சொல்லன்றோ? சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் தோட்டத்து வீடுகள் இப்பழமொழியை விளக்கமின்றியே அறிந்திருந்தன. கல்லாதவன் மேடையேறினாலும் இதுவே பொருந்தும். புதிய விளக்கமோ இவ்விரண்டையும் துடைத்துவிட்டு, பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணை நோக்கி நீட்டிய விரலாகப் பழமொழியை மாற்றிவிடுகிறது.

முதுமொழிக்கு நுட்பமும் சுருக்கமும் மட்டுமன்றித் தெளிவும் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. முன்றுறையரையனார் பழமொழி நானூற்றில் பாட்டுக்கு ஒரு பழமொழியை அமைத்தபோதும், அதைச் சான்றாக வைத்தாரேயன்றி விடுகதையாக வைக்கவில்லை.

வாய்மொழியில் சொல் சிதைவதுண்டு, அதை மறுப்பதற்கில்லை. சிதைந்தது என்பவர் பழைய வடிவத்தைக் காட்டல் வேண்டும். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது, ஜென்சன் 1897-இல் வெளியிட்டது இருக்கிறது, கி. வா. ஜகந்நாதன் திரட்டிய பெருந்தொகுதிகளும் இருக்கின்றன. மாணவன் கட்டுரையில் கழுதை என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு இடுமுன், ஆசிரியர் இவற்றுள் ஒன்றையேனும் புரட்டிப் பார்க்கலாம்.