துப்பாக மட்டும் படிக்கப்பட்ட பெண்

2013 பிப்ரவரி நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை ஒரு காணொளியை வெளியிட்டது. நகரின் மையப் பகுதியிலுள்ள செசில் ஹோட்டலின் லிஃப்டுக்குள் இருந்த கேமராவில் பதிவானது அது. ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடும், ஒலி கிடையாது. சிவப்பு மேலாடை அணிந்த இளம்பெண் ஒருவர் உள்ளே வருகிறார். பல தளங்களுக்கான பொத்தான்களை வரிசையாக அழுத்துகிறார். கதவு மூடவில்லை. வெளியே எட்டிப் பார்க்கிறார், மூலையில் ஒடுங்கி நிற்கிறார், மறுபடி வெளியே போய்க் கைகளை அசைக்கிறார், பிறகு சட்டகத்தைவிட்டு விலகுகிறார். அதற்குப் பிறகே கதவு மூடுகிறது.

அந்தப் பெண் எலிசா லாம். வயது 21. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவி. தனியாகப் பயணம் வந்தவர். நாள்தோறும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவந்தவர் ஜனவரி 31 அன்று பேசவில்லை. பெற்றோர் காவல்துறையிடம் போனார்கள். பிப்ரவரி 19 அன்று, குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று விருந்தினர்கள் புகார் செய்ய, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன ஊழியர் அவர் உடலைக் கண்டார். ஜூன் மாதம் பிணக்கூறாய்வு அலுவலகம் தன் முடிவைச் சொன்னது: தற்செயலாக நீரில் மூழ்கி மரணம், இருமுனை மனநோய் அதற்குக் குறிப்பிடத்தக்க காரணி.

அந்தக் காணொளி தேடுதல் அறிவிப்பாகத்தான் வெளியிடப்பட்டது. பார்த்தவர்கள் தகவல் தரவேண்டும் என்பது மட்டுமே அதன் நோக்கம். பிப்ரவரி 19க்குப் பிறகு அந்த நோக்கம் இல்லை. ஆனால் அதன் வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது. உலகமெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் அதை நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணை இத்தனை கண்கள் பார்த்தும், அவர்களில் பெரும்பாலோர் அதில் பயத்தைப் பார்க்கவில்லை; புதிரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஆதாரம் என்ற பெயரில் முன்வைக்கப்பட்டவற்றை வரிசையாக எடுத்துக்கொள்வோம். காணொளியின் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது, நேரக் குறிப்பைப் படிக்க முடியவில்லை, நடுவில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே யாரையோ காப்பாற்றுகிறார்கள். லிஃப்ட் கதவு மூடவில்லை. ஆகவே வெளியே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். கதவைத் திறந்தே வைக்கும் பொத்தான் ஒன்று லிஃப்டுக்கு உள்ளேயே இருக்கிறது, பலவற்றை அழுத்தியவர் அதையும் அழுத்தியிருப்பார் என்ற எளிய விளக்கம் யாருக்கும் சுவைக்கவில்லை. தொட்டியின் மூடி மூடியிருந்ததாக ஒரு செய்தி பரவியது. உள்ளே இருப்பவர் எப்படி மூடமுடியும் என்று கேட்டார்கள். மூடி திறந்திருந்ததாக, உடலைக் கண்ட ஊழியரே பின்னர் வழக்கில் சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் செய்தி ஓடிய தூரத்தில் கால்வாசிகூட இரண்டாவது ஓடவில்லை.

இன்னும் விநோதமானவையும் உண்டு. ஹோட்டலை ஒட்டிய ஸ்கிட் ரோ பகுதியில் அப்போது காசநோய் பரவியிருந்தது. அந்நோயைக் கண்டறியும் சோதனை ஒன்றின் பெயர் லாம்-எலிசா. எனவே அந்தப் பெண் ஓர் உயிரியல் ஆயுதம் என்றார்கள். 'எலிசா' உலகமெங்கும் ஆய்வகங்களில் வழங்கும் ஒரு சோதனை முறையின் பெயர். எச்ஐவி பரிசோதனை வழியாக நம் ஊர் மருத்துவமனைகளிலும் பழக்கமானது. 'லாம்' காசநோய்க் கிருமியின் சுவரிலுள்ள ஒரு பொருளின் சுருக்கப்பெயர். 2005இல் வந்த 'டார்க் வாட்டர்' என்ற அமெரிக்கப் படத்தில் மாடித் தொட்டியில் ஒரு சிறுமியின் உடல் கிடக்கும். அதில் வரும் இன்னொரு சிறுமியின் பெயர் செசிலியா. இதுவும் ஆதாரமாக்கப்பட்டது. பெயர்ப் பொருத்தமே சாட்சியாகிவிட்டால், ஒரு பெண்ணின் பெயர்கூட அவளுக்குச் சொந்தமாக இருப்பதில்லை.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பெண்களின் மரணத்தில் 'விபத்து', 'தற்கொலை' என்று காவல்துறை எழுதும்போது சந்தேகப்படக் கற்றுத்தந்ததே பெண்ணியம்தான். அடுப்பு வெடித்து இறந்தாள் என்ற வாக்கியத்தை நம்ப மறுத்ததால்தான் வரதட்சிணைக் கொலைகள் வெளியே வந்தன. அப்படியிருக்க, செசில் ஹோட்டல் விஷயத்தில் சந்தேகப்பட்டவர்களை நாம் ஏன் விமர்சிக்க வேண்டும்?

சந்தேகத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொறுப்பானவர்களைத் தேடுவது. எலிசாவின் பெற்றோர் ஹோட்டல்மீது தொடுத்த வழக்கு அந்த வகை. விருந்தினர் போகக்கூடாத மாடிக்கு ஒருவரால் எப்படிப் போகமுடிந்தது, தொட்டிகள் ஏன் பூட்டப்படவில்லை என்பவை அதிலிருந்த கேள்விகள். 2015இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இணையத்தின் துப்பறிவாளர்களுக்கு இந்த வழக்கில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. பூட்டப்படாத தொட்டியில் மர்மம் இல்லையே. மற்ற வகைச் சந்தேகத்துக்குப் பொறுப்பாளி தேவையில்லை. கதை தொடர்ந்தால் போதும். ஒரு கேள்விக்கு விடை வந்தால் அது அடுத்த கேள்விக்குத் தாவும். அடுப்பு வெடித்த கதையை நம்ப மறுத்தவர்கள் இறந்த பெண்ணின் அம்மாவிடம் போனார்கள், அண்டை வீட்டாரிடம் போனார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். இவர்கள் காணொளியின் இன்னொரு சட்டகத்துக்குப் போனார்கள்.

அந்தக் கதைக்கு ஒரு குற்றவாளியும் வேண்டியிருந்தது. மெக்சிகோவைச் சேர்ந்த மெட்டல் இசைக்கலைஞர் ஒருவர் அகப்பட்டார். அவர் செசிலில் தங்கியது உண்மை. ஆனால் அது எலிசா வருவதற்கு ஓராண்டு முன்பு. அவருடைய பாடல்களும் முகப்பூச்சும் சாட்சிகளாயின. கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். நீதிக்காகத் தேடுகிறோம் என்றவர்கள் இன்னொரு உயிரை விளிம்புவரை தள்ளிவிட்டு, வருத்தம்கூடத் தெரிவிக்காமல் அடுத்த வழக்குக்குப் போனார்கள்.

காணொளியைப் பேய்க்கதையாகப் பார்த்தவர்களும் ஏராளம். கட்டுப்பாட்டை மீறி அசையும் பெண்ணுடலுக்கு 'பேய் பிடித்தவள்' என்று நம் மொழியிலும் தயாராக ஒரு சொல் இருக்கிறது. உடம்பு முடியவில்லை, மனசு சரியில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது காது கொடுக்காத வீடு, அவள் ஆடும்போது மட்டும் கூடி நின்று பார்க்கும். ஆடினால் பேய், ஆடாவிட்டால் நடிப்பு. நோய் என்ற மூன்றாவது சொல் வரவே வராது. செசில் காணொளி முன்னும் இதுதான் நடந்தது. போதை என்றார்கள், ஆவி என்றார்கள், துரத்தப்படுகிறாள் என்றார்கள். இருமுனை மனநோய் என்ற மருத்துவ விடையை 'மூடி மறைக்கிறார்கள்' என்று தள்ளினார்கள். உடலில் அவருடைய மருந்துகளின் அளவு குறைவாக இருந்ததை அறிக்கை காட்டியது. அதையும் யாரோ திருத்தியதாகச் சொன்னார்கள். நோயில் வில்லன் இல்லை. வில்லன் இல்லாத மரணத்தைக் கதையாக விற்க முடியாது.

உண்மையான ஆதாரங்கள் வேறிடத்தில் கிடந்தன. எலிசா முதலில் பிற பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்திருந்தார். அவருடைய நடவடிக்கை விநோதமாக இருப்பதாக அவர்கள் புகார் சொன்னார்கள். ஹோட்டல் செய்தது என்ன? அவரைத் தனி அறைக்கு மாற்றியது. துன்பத்திலிருக்கும் ஒரு பெண்ணைக் கண்டதும் ஒரு நிறுவனத்துக்குத் தோன்றிய ஒரே தீர்வு, அவரைத் தனியாக வைப்பது. காணொளியின் நொடிகளை எண்ணியவர்கள் இந்த முடிவில் ஒரு நிமிடமாவது நின்றிருக்கலாம்.

அடுத்து, அவர் எழுதியவை. எலிசா தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர். உடை அழகியல் பற்றி, படித்தவை பற்றி, தன் மனச்சோர்வு பற்றி. பருவத்தின் தொடக்கத்தில் நோய் திரும்பியதால் பாடங்களைக் கைவிட நேர்ந்ததையும், திசை தெரியாமல் நிற்பதையும் 2012 ஜனவரியில் எழுதியிருக்கிறார். இத்தனை பாடங்களை விட்டதாகக் காட்டும் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று கவலைப்பட்டிருக்கிறார். நோய்வாய்ப்பட்ட எந்தக் கல்லூரி மாணவியும் அறிந்த கவலை இது. வருகைப்பதிவு குறையும், தேர்வு தவறும், காரணம் கேட்பார்கள், சொல்ல முடியாது. இந்தப் பக்கங்களைப் பல்லாயிரம் பேர் திறந்தார்கள். படிக்கத் திறக்கவில்லை, துப்பு தேடத் திறந்தார்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த பதிவுகள் அவர் இறந்த பிறகும் வெளியானபோது, 'ஆவி எழுதுகிறது' என்று சிலிர்த்தார்கள். ஒரு பெண் எழுத்தில் எவ்வளவு தெளிவாகத் தன்னைச் சொன்னாலும், அவளது ஊமைக் காணொளிதான் நம்பகமான பிரதியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2021இல் ஜோ பெர்லிஞ்சர் இயக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் இதை நான்கு பகுதித் தொடராக்கியது. கடைசிப் பகுதியில் தொடர் சரியான இடத்துக்கு வந்து சேருகிறது: மூடி திறந்திருந்தது, கொலை இல்லை, நோய் இருந்தது. ஆனால் அங்கே வர அது நடந்த பாதையைப் பாருங்கள். முன்பகுதிகள் முழுக்க அதே காணொளி திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு சந்தேகம் தொங்கவிடப்படுகிறது. ஊகத்தை விமர்சிக்கும் தொடர், ஊகத்தின் விறுவிறுப்பில்தான் ஓடுகிறது. வறுமையிலும் மனநோயிலும் தெருவில் வாழும் ஸ்கிட் ரோ மக்கள், திகில் படத்துக்கான பின்னணியாகிவிடுகிறார்கள். அந்தத் தெருவும் லிஃப்டிலிருந்த பெண்ணும் ஒரே கேள்வியின் இரு முகங்கள்: மனம் நொறுங்கியவர்களை இந்த நகரம் எங்கே வைக்கிறது? தொடர் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

தொடரில் வரும் ஆர்வலர் ஒருவர், எலிசாவோடு தனக்கு ஆழ்ந்த பிணைப்பு உண்டு என்கிறார். தனக்காக ஒருவரை அவர் கல்லறைக்கு அனுப்பிப் படம்பிடிக்கச் செய்து, அதைப் பார்த்து மனம் நெகிழ்கிறார். அவர் நடிக்கவில்லை. அதனால்தான் அது கவனிக்கத்தக்கது. உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது. உறவின் எல்லையைப் பெண் வகுக்க முடியாத நிலையில்தான் இந்த நெருக்கம் பிறந்திருக்கிறது. மறுப்பே சொல்ல முடியாத பெண்ணிடம் கொள்ளும் அன்பு, உரிமை கொண்டாடுவதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

காணாமற்போன பெண்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பதல்ல என் வாதம். பேசாமல் விட்டால் தேடவே மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை இப்படியொரு காணொளி நம் கைப்பேசிக்கு வரும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. இது இன்னும் யாரையாவது தேட உதவுமா? இதில் இருப்பவர் பார்க்கப்பட ஒப்புக்கொண்டாரா? இவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது எங்காவது இருக்கிறதா, அதைப் படித்தோமா? இந்தப் பேச்சு யாரிடம் பொறுப்புக் கேட்கிறது?

கடைசியாக எலிசாவைக் கண்டவர்களில் ஒருவர், ஹோட்டலுக்கு அருகிலிருந்த 'தி லாஸ்ட் புக்ஸ்டோர்' என்ற புத்தகக் கடையின் மேலாளர். வீட்டாருக்குப் பரிசாகக் கொண்டுபோகப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறார் எலிசா. அந்தக் கடைக் காட்சிக்குக் காணொளி இல்லை. அதனால் அதை யாரும் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கவில்லை.