இரவல் குரல்

அந்நிய நாட்டுப் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு சர்ச்சையும் கூடவே வந்துவிடுகிறது. படத்தின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு பார்ப்பதா, அல்லது சொந்த பாஷையில் டப்பிங் செய்து பார்ப்பதா என்பதுதான் அது. நடிகனின் குரலும் நடிப்பில் பாதி, அதைப் பறித்துவிடலாமா என்கிறார்கள் எழுத்துக் கட்சிக்காரர்கள். எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் முகத்தை எப்போது பார்ப்பது என்று கேட்கிறார்கள் டப்பிங் கட்சிக்காரர்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே இதை வெறும் சௌகரியம் பற்றிய விஷயமாக எண்ணுகிறார்கள். எனக்கு இது நம்பிக்கை பற்றிய விஷயமாகப் படுகிறது. டப்பிங் படத்துக்குப் போகிறவன் தன் காதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்காருகிறான். ஒப்படைத்ததை அவர் என்ன செய்தார் என்று அவனுக்குத் தெரிய வழியே கிடையாது.

இதற்குச் சரியான உதாரணம் 'காஸாபிளாங்கா'. 1942-ல் மைக்கேல் கர்டிஸ் ஹாலிவுட்டில் எடுத்த படம். கதை நடப்பது 1941 டிசம்பரில், மொராக்கோவில் உள்ள காஸாபிளாங்கா நகரத்தில். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் அமெரிக்கா போக அனுமதிச் சீட்டுக்காக அங்கே தவம் கிடக்கிறார்கள். ரிக் என்ற அமெரிக்கன் அந்த ஊரில் மதுக்கடை நடத்துகிறான். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருப்பவன். முன்னொரு காலத்தில் பாரிஸில் அவன் காதலித்த இல்ஸா, கணவன் விக்டர் லாஸ்லோவோடு அவன் கடையில் வந்து நிற்கிறாள். லாஸ்லோ நாஜிகளை எதிர்த்துப் போராடி, அவர்களுடைய சிறைமுகாமிலிருந்து தப்பி வந்தவன். அவனை மடக்க மேஜர் ஸ்ட்ராஸர் என்ற ஜெர்மன் அதிகாரி வருகிறான். ரிக்கிடம் இரண்டு பேருக்கான அனுமதிச் சீட்டு இருக்கிறது. காதலியை அழைத்துக்கொண்டு அவனே போய்விடலாம். ஆனால் அவளைக் கணவனோடு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூடுபனியில் நடந்து போகிறான்.

இந்தப் படம் 1952-ல் மேற்கு ஜெர்மனிக்கு வந்தது. வந்த படத்தில் ஸ்ட்ராஸர் இல்லை. நாஜிகள் ஒருவருமே இல்லை. ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷப் படத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கும்படி மதுக்கடை முழுவதும் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் கட்டமும் அதோடு போயிற்று. வெட்டியதால் உண்டான ஓட்டைகளை டப்பிங் அடைத்தது. விக்டர் லாஸ்லோ, விக்டர் லார்ஸன் ஆனான். நாஜிகளின் எதிரி, நார்வே நாட்டு அணு விஞ்ஞானியாக மாறினான். அவன் ஏதோ சிறையிலிருந்து தப்பியவன், சர்வதேசப் போலீஸ் அவனைத் தேடுகிறது என்று கதை கட்டினார்கள். லாஸ்லோ, லார்ஸன் என்று இரண்டு பெயரையும் சொல்லிப் பாருங்கள். வாய் திறக்கிற விதம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். கைதேர்ந்த வேலை!

அடியில் எழுத்துப் போட்டிருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது. எழுத்து பொய் சொன்னாலும் நடிகன் வாய் 'லாஸ்லோ' என்று சொல்வது காதில் விழுந்துகொண்டே இருக்கும். டப்பிங்கில் அந்தச் சாட்சிதான் முதலில் காணாமற் போகிறது.

ஸ்ட்ராஸராக நடித்த கான்ராட் வைட், ஜெர்மன் சினிமாவில் புகழோடு இருந்தவர். மனைவி யூதப் பெண். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் தேசத்தை விட்டே வெளியேறினார். நாஜிகளை வெறுத்த அந்த மனிதருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தது நாஜி வேஷம். அதையும் மனமறிந்து செய்துவிட்டு 1943-ல் இறந்துபோனார். அவருடைய சொந்த ஜனங்கள் முன்னால் அந்த முகம் வருவதற்கு ஒன்பது வருஷம் கழித்து ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. கத்தரிக்கோல் அதையும் வெட்டிவிட்டது. பிறந்த மண்ணிலிருந்து அவர் இரண்டாம் தடவையும் வெளியேற நேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

படத்தை வாங்கி வெளியிட்டவர்கள் பக்கம் நின்றும் யோசிக்கலாம். யுத்தம் முடிந்து ஏழே வருஷம். இடிந்த வீடுகளை இன்னும் கட்டிக்கொண்டிருந்த காலம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, திரையில் தன் ராணுவ உடுப்பையே வில்லன் போட்டுக்கொண்டு வருவதை எத்தனை பேர் பார்ப்பார்கள்? ரசிகன் ஏமாற்றப்பட்டான் என்பது பாதி உண்மை. அவனுக்கும் அது வேண்டியிருந்தது என்பது மற்றப் பாதி.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? அரசியலை எடுத்துவிட்டால் சுத்தமான காதல் கதை மிஞ்சும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். கதை எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி மிஞ்சுவதில்லை. தன் காதலைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது என்று கண்டுகொண்டதால்தான் ரிக் அவளை விட்டுக்கொடுக்கிறான். நாஜிகளே இல்லாத உலகத்தில் அவன் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? போலீஸுக்குப் பயந்து ஓடுகிற ஒரு விஞ்ஞானிக்காகவா? தியாகத்தின் காரணம் போனதும் தியாகமும் போயிற்று. காதல் வெறும் அழுகையாயிற்று.

ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போனவர்களின் கதை இன்னும் வேடிக்கை. பிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் அந்நியப் படங்களுக்கு டப்பிங் கட்டாயம் என்று 1941-ல் உத்தரவு போட்டார்கள். ஜான் ஃபோர்டு 1953-ல் எடுத்த 'மொகாம்போ' அங்கே போயிற்று. அதில் கணவனோடு ஆப்பிரிக்காவுக்கு வந்த ஒருத்தி வேட்டைக்காரன் ஒருவன்மேல் மையல் கொள்கிறாள். கட்டிய புருஷன் இருக்க இன்னொருவனா என்று தணிக்கைக்காரர்கள் பதறிப்போனார்கள். டப்பிங்கில் கணவனை அண்ணன் தம்பி முறையாக்கிவிட்டார்கள். காது சகோதரன் என்றது. கண்ணோ தம்பதிகளைக் கண்டது. சிறிய பாவத்தை மறைக்கப் போய், நினைக்கவே கூசுகிற பாவத்தைக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

தோற்றவர்களும் சர்வாதிகாரிகளும்தான் இப்படிச் செய்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை செய்தபோது, ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது கதிர்வீச்சுச் சாம்பல் விழுந்தது. படகில் இருந்த இருபத்து மூன்று பேரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் வெளிவந்தது ஹோண்டா இஷிரோவின் 'கோஜிரா'. குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட ராட்சஸ மிருகம் டோக்கியோவை மிதிக்கும் கதை. அதை 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள், ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராகப் புதிதாக நுழைத்து, பாதி டப்பிங்கும் பாதி வர்ணனையுமாக ஆக்கினார்கள். ரயிலில் போகும் ஒரு பெண் நாகசாகியில் தப்பிப் பிழைத்ததைச் சொல்லும் இடம் போயிற்று. குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு மிருகம் வரும் என்று கிழ விஞ்ஞானி கடைசியில் எச்சரிப்பதும் போயிற்று. ஆபத்து நீங்கியது, இனி உலகம் நிம்மதியாக வாழலாம் என்ற தோரணையில் நிருபர் முடித்துவைத்தார். ஒரு ஜனத்தின் ஓலம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூச்சாண்டியாகப் போய்ச் சேர்ந்தது. மூலப் படம் வெட்டில்லாமல் அந்நாட்டுத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் டப்பிங்கே கூடாது என்பவன் அல்ல நான். 1975-ல் மேற்கு ஜெர்மன் டெலிவிஷனில் 'காஸாபிளாங்கா' முழுதாகக் காட்டப்பட்டது. லாஸ்லோ மறுபடியும் லாஸ்லோ ஆனான். ஸ்ட்ராஸரும் திரும்பி வந்தான். அதுவும் டப்பிங்தான்! அதே இரவல் குரல்தான் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிற்று. கேட்டவர்களில் எத்தனையோ பேர் யுத்தத்துக்குப் பின் பிறந்தவர்கள். தகப்பன்மார் கேட்கக் கூசியதைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தாய்மொழியிலேயே கேட்டார்கள்.

அந்நியன் தன்னைப் பற்றிச் சொன்னதைத் தன் சொந்த பாஷையில், ஒரு சொல்லும் குறையாமல் கேட்டுக்கொள்ள ஒரு சமூகத்துக்கு எப்போது தைரியம் வருகிறதோ, அப்போதுதான் அதற்கு வயது வந்தது என்று சொல்லலாம். ஜெர்மன் ரசிகனுக்கு அதற்கு இருபத்து மூன்று வருஷம் பிடித்தது.