தெரியாதவர் கையெழுத்து: சான்றிதழ், பதம், சாதி குறித்துச் சில குறிப்புகள்

பச்சை மைக்காக அலைந்த தலைமுறை எங்களுடையது. உடன்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ் பிடித்துப் போய், ஏதாவதொரு கெஜட்டட் ஆபிசர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே நின்றுகொண்டிருப்போம். அவர் குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு வெளியே வரும்வரை மதிப்பெண் பட்டியலின் நகல் கசங்காமல் கையில் இருக்க வேண்டும். கூடவே நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று. 'இவரை எனக்கு இத்தனை வருடங்களாக நேரில் தெரியும், இவர் என் உறவினர் அல்லர், நடத்தை நல்லது' என்று நாங்களே டைப் அடித்துக் கொண்டுபோன தாளில் அவர் கையெழுத்துப் போடுவார். தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு தெருவே ஊரில் இருந்தது. எவன் களவாணி, எவன் யோக்கியன் என்று அந்தத் தெருவுக்கு அத்துப்படி. ஆனால் அவர்கள் சொன்னால் செல்லாது. 2014க்குப் பிறகு மத்திய அரசின் பல வேலைகளுக்குச் சுயசான்றே போதும் என்றாகி, இந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்துவிட்டது. அலைச்சல்தான் குறைந்தது. தெரிந்தவர் சாட்சி செல்லாது, தெரியாதவர் கையெழுத்து செல்லும் என்கிற ஏற்பாடு முன்னைவிடப் பலமாக நிற்கிறது. தொழிற்சான்றிதழ் என்று நாம் சொல்வதன் இயக்கம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

விஷயத்தைப் பிரித்துப் பார்க்க எதிர்முகாமிலிருந்தே கொஞ்சம் கடன் வாங்குகிறேன், கூச்சமில்லை. சந்தைப் பொருளாதாரத்தின் பூசாரியான மில்ட்டன் ஃப்ரீட்மன் 1962இல் வெளிவந்த 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் மூன்றைத் தனித்தனியாக வைக்கிறார்: பதிவு, சான்று, உரிமம். பட்டியலில் பெயரை எழுதிக்கொள்வது பதிவு. இவன் தேறியவன் என்று ஒரு அமைப்பு சொல்வது சான்று. தேறாதவனும் அந்த வேலையைச் செய்யலாம், நம்புகிறவன் கூப்பிட்டுக்கொள்ளட்டும். இல்லாதவன் செய்தால் குற்றம் என்பது உரிமம். டாக்டருக்குக்கூட உரிமம் வேண்டாம் என்கிற அளவுக்கு அவர் போவார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் நடுவில் வேலி கிடையாது என்பதுதான் எனக்கு முக்கியம். சட்டம் 'சான்று' என்று சொல்வதை கம்பெனி வாசலில் நிற்கிற செக்யூரிட்டி 'உரிமம்' ஆக்கிவிடுகிறான். தாள் இல்லையா, உள்ளே விடமாட்டான். எந்தச் சட்டமன்றமும் இதற்குத் தீர்மானம் போடவில்லை. அதே சமயம் அசல் உரிமமும் இருக்கத்தான் செய்கிறது. அங்கீகரித்த படிப்பு இல்லாத பரம்பரை வைத்தியர்கள் வைத்தியம் பார்க்கக்கூடாது என்று கேரள வழக்கொன்றில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எலும்பு முறிந்தால் ஆசானைத் தேடிப் போகிற எங்கள் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

இனி உடன்குடிக்கு வருகிறேன். 2023இல் 'உடன்குடி பனங்கருப்பட்டி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கும் அதே ஆண்டுதான். சீனியைக் கலந்து காய்ச்சி உடன்குடிப் பெயரில் விற்கிற கூத்து எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் யாருக்கு எதைச் சான்றளித்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சான்று பொருளுக்கு. கொஞ்சம் மண்ணுக்கும் உண்டு, தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கு. பாளை அரிவாளும் அரிவாள்பெட்டியும் இடுப்பில், தளைநார் காலில் என்று காலையும் மாலையும் பனையேறுகிற என் மாமாவுக்கு எந்தத் தாளும் இல்லை. அவருக்கிருந்த ஒரே சான்று கலயத்துக்குள் தடவியிருக்கிற சுண்ணாம்புதான். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். கள்ளுக்கு 1987லிருந்து தமிழ்நாட்டில் தடை. ஆக ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் அவரைத் தொழிலாளியாகவோ குற்றவாளியாகவோ ஆக்கியது. அதைப் பார்த்து முடிவுசெய்யும் அதிகாரம் மரத்தடிக்கு வருகிற போலீஸ்காரருக்கு.

அத்தை கதை இன்னும் மோசம். பனையேறுவதை உலகம் பார்க்கிறது, போட்டோ எடுக்கிறது. கருப்பட்டி ஆவது கீழே, விடிலிக்குள். பதநீரை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கி, பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம். ஒரு நிமிஷம் முந்தினால் சிரட்டையில் இறுகாது, பிந்தினால் கசந்துபோகும். தெர்மாமீட்டர் கிடையாது, கடிகாரம் கிடையாது. 'பதம்' என்ற சொல்லைப் பாருங்கள். சோற்றுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், இரும்புக்குப் பதம். தமிழில் தொழிலறிவுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்த அறிவு அத்தையின் விரல்நுனியில் இருக்கிறது. தாளுக்கு ஏறாது.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தை (1999) வாசித்தால் ஒரு வேடிக்கை. பதிவு பெற்ற உரிமையாளர் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதற்குக் கீழே 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும். உற்பத்தியாளர் என்று சொல்லிக்கொள்கிற யாரும் விண்ணப்பிக்கலாம். உற்பத்தியாளர் என்றால் யார்? 2ஆம் பிரிவு விளக்குகிறது: வேளாண் பொருளென்றால் அதைப் பதப்படுத்துகிறவரும் பொட்டலம் போடுகிறவரும் உற்பத்தியாளர்தான், கைவினைப் பொருள், தொழிற்சாலைப் பொருள் என்றால் அவற்றில் வியாபாரம் செய்கிறவரும்கூட. மரத்தில் ஏறியவனையும் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவனையும் சட்டம் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டது. சமத்துவம்தான், மறுக்க முடியாது! விண்ணப்பம் போடத் தெரிந்தவன் இலையை முதலில் இழுத்துக்கொள்வான், அவ்வளவே.

பனை விட்டால் வளைகுடா. உடன்குடியில் அரபு நாட்டுப் பணம் புழங்காத தெரு குறைவு. மாமாவும் ஒரு கட்டத்தில் மரத்தை விட்டிறங்கி சவூதிக்குப் போனார். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். அது பாஸ்போர்ட்டிலேயே குறிக்கப்படும். ஏமாற்றப்படாமல் காப்பதற்கு என்கிறார்கள். காப்பும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கும் ஏஜெண்டிடம் ஏமாறாமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? எம்.ஏ. படித்து ஏஜெண்டிடம் பணத்தை விட்ட ஆட்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். 2018 ஜனவரியில் இந்த வகையினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் தரப்போவதாக வெளியுறவுத் துறை அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதமே கைவிட்டது. படிப்பு இல்லை என்பதை தூரத்திலிருந்தே தெரிகிற நிறமாக மாற்ற ஒரு அரசுக்குத் தோன்றியதே, அதை நாம் மறக்கக்கூடாது. அண்மை ஆண்டுகளில் சவூதி அரசு, குறிப்பிட்ட தொழில்களுக்கு வருகிறவர்கள் இங்கேயே திறன் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று வைத்திருக்கிறது. இருபது வருஷம் அங்கேயே பைப் மாட்டியவரும் புது விசாவுக்கு எழுத வேண்டியிருக்கலாம்.

இவான் இல்லிச் 1971இல் ஒரு யோசனை சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கே படித்தாய், எத்தனை வருஷம் படித்தாய் என்று கேட்பதையே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்; வேலை தெரியுமா என்று சோதித்துப் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ரொம்ப நாள் இதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். நண்பர்கள் கூட்டங்களில் சான்றிதழ் என்ற சொல் வந்தாலே எழுந்து நின்று 'அதிகாரத்தின் சொல்லாடல்' என்று ஆரம்பித்துவிடுவேன். அந்த உற்சாகத்தைக் கெடுத்தவர் ஒரு தலித் தோழர். கூட்டம் முடிந்து டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "ஊருக்கு ஒங்களத் தெரியும்னு சொல்லுதீயளே, எங்களயும் ஊருக்குத் தெரியும் அண்ணாச்சி. எங்க வரைக்கும் வரலாம், எங்க வரப்பிடாதுன்னு நல்லாவே தெரியும். அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட இருந்து தப்பிக்கத்தான் நாங்க சர்ட்டிபிகேட் வாங்குதோம்."

எனக்குப் பதில் இல்லை. நான் கொண்டாடிய தெருவின் சாட்சி சாதியின் சாட்சியும்தான். என்னை யோக்கியன் என்று சொல்லும் அதே வாய் இன்னொருவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும். தெரியாதவர் கையெழுத்து அந்த வாயை மூடுகிறது. குறைந்தபட்சம் அப்படி ஒரு வாக்குறுதியைத் தருகிறது. வாக்குறுதி எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது என்பது வேறு. கொலம்பியாவில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா சமஸ்தான வேலையில் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பரோடாக்காரர்களுக்கு வேறொரு சான்றிதழ் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இருந்தாலும் அந்தப் பட்டங்கள் இல்லாமல் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்பதும் உண்மை. தலித் தோழர் சொன்னதை வைத்து நான் இல்லிச்சைத் தூக்கி எறியவில்லை. ஆனால் வேறொரு இடத்துப் பள்ளிக்கூடச் சலிப்பை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

அப்படியானால் எந்தச் சான்றிதழ் தேவலை? இதற்கு எனக்கு உதவியது உடன்குடி அனல்மின் நிலையம். கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. 2017இல் பெல் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த நிலையம் வேண்டுமா, அது கடலுக்கும் மீனவருக்கும் என்ன செய்யும் என்பதற்குத் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் பார்ப்பது அதன் வெல்டர்களை. கொதிகலனின் உயர் அழுத்தக் குழாயைப் பற்றவைக்கிறவன் 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேறியிருக்க வேண்டும். தேர்வு எப்படி? குழாயைச் சாய்வாக, 45 பாகையில், அசையாமல் கட்டிவைத்துவிடுவார்கள். வெல்டர்தான் சுற்றிச் சுற்றி, குனிந்து, மல்லாந்து பற்றவைக்க வேண்டும். பிறகு அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள், துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். சான்று நிரந்தரமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குத்தான். அப்பன் யார், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று எக்ஸ்ரே கேட்பதில்லை. என் சொந்தத்தில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், இதில் தேறியிருக்கிறான். இங்கே பதமே சாட்சி சொல்கிறது.

இது வெறும் சடங்கும் இல்லை. 2020 ஜூலை 1ஆம் தேதி நெய்வேலியில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அழுத்தம் ஏறிய இரும்புக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு, பக்கத்து ஆளின் வேலையை யாரோ சோதித்திருக்கிறார்கள் என்பது உயிர் விஷயம். ஆகவே சான்றிதழ் என்றாலே அதிகாரம் என்று எழுதிவிட்டுப் போவது, அனல்மின் நிலையத்துக்குள் கால்வைக்காதவன் எழுதுகிற எழுத்து. நான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பையனிடம் பேசினால் இன்னொரு பக்கமும் தெரிகிறது. சான்று அவனுடையதா? சோதனையை ஏற்பாடு செய்ய ஒரு கம்பெனி வேண்டும். அந்த வேலை முடிந்து வேறு காண்ட்ராக்டரிடம் போனால் திரும்ப சாம்பிள் போடச் சொல்கிறார்கள். அட்டையை ஆபிசில் வாங்கி வைத்துக்கொண்டு சம்பள பாக்கிக்காக இழுத்தடித்த காண்ட்ராக்டரும் உண்டு. கை அவனுடையது, கையைப் பற்றிய சாட்சியம் இன்னொருவன் டிராயரில்.

கொடுத்தவன் பிடுங்கவும் செய்வான் என்பதற்கு எங்கள் மாவட்டத்துப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரனார் தேர்வெழுதி வக்கீலானவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் ராஜதுரோகத் தண்டனை வந்ததும் கப்பலோடு வக்கீல் சன்னதும் போயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவருக்குச் சட்டம் மறந்துவிடவில்லை, வாதத்திறமை குறைந்துவிடவில்லை. தாள் இல்லை. சென்னையிலும் பிற ஊர்களிலும் பிழைப்புக்காக அவர் பட்ட பாடு தெரிந்ததுதான். பல வருஷம் கழித்து வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஏகாதிபத்தியத்துக்கு எதிராகக் கப்பல் விட்ட ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பெயரை வைக்கிற அளவுக்கு ஒரு தாளின் பாரம் இருந்திருக்கிறது. இதை அவருடைய பெருந்தன்மைக்கு உதாரணமாக மேடைகளில் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போது சன்னது இல்லாத அந்த வருஷங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

ஏற்கெனவே தெரிந்த வேலைக்கும் சான்று தருகிறோம் என்று 2015லிருந்து மத்திய அரசின் திறன் திட்டத்தில் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று ஒன்று இருக்கிறது. பெயர் நன்றாக இருக்கிறது. அந்தத் திட்டத்தில் சோதிக்கிறவர் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர். நாற்பது வருஷம் பாகு உருட்டிய பெண் அந்த மேசையின் இந்தப் பக்கம்தான் உட்காருவாள். அந்தப் பக்கம் அவளை ஏன் உட்காரவைக்கக்கூடாது என்று கேட்கிற தொழிற்சங்கத்தை நான் பார்க்கவில்லை. சிறுபத்திரிகைக்காரர்கள் நாமும் கேட்டதில்லை.

போன சீசனில் அத்தை என்னிடம் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கருப்பட்டிக்கு ஏதோ பதிவாம், பேரைச் சேர்த்தால் நல்லதாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதியாயிற்று. தொழில் என்ற இடத்தில் 'கருப்பட்டி காய்ச்சுதல்' என்று எழுதப் போனேன். அதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. அத்தை பையைத் திறந்து இருக்கிற தாளையெல்லாம் எடுத்துப் பரப்பினாள். தொழில் என்று கேட்டு நிரப்பியிருந்த பழைய தாள்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது. "ஏ ஐயா, இதுல என்னமாது ஒண்ணு செல்லுமா?" என்று கேட்டாள். கையெல்லாம் பாகு சுட்ட தழும்பு.