உடைந்து விழும் பாலத்தின் ருசி

காங்கேயம் வட்டாரத்து அரிசி ஆலை ஒன்றினுள் நின்று அண்ணாந்து பார்த்தால், நடுவில் தூணே இல்லாமல் தகரக் கூரையைத் தாங்கும் இரும்பு முக்கோணங்கள் தெரியும். வெல்டிங் பட்டறையில் அதற்கு 'டிரஸ்' என்று பெயர். அதே முக்கோணத்தைத்தான் பிள்ளைகள் செல்போனில் கட்டுகிறார்கள்; கட்டியது சரிந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பாலம் கட்டும் இவ்வகை விளையாட்டுக்குக் கால் நூற்றாண்டு வயது. 2000-இல் அலெக்ஸ் ஆஸ்டின் உருவாக்கிய 'பிரிட்ஜ் பில்டர்' இலக்கணத்தை வகுத்துவிட்டது: இரண்டு கரை, கொஞ்சம் பணம், கடைசியில் ஒரு ரயில். நியூசிலாந்தின் டிரை கேக்டஸ் 2016-இல் முழுமையாக வெளியிட்ட 'பாலி பிரிட்ஜ்' மரம், எஃகு, கயிறு, ஹைட்ராலிக் என்று சரக்கைப் பெருக்கியது. பாரம் ஏற ஏறக் கட்டை பச்சையிலிருந்து சிவப்பாகும். சதுரம் கோணிக்கொள்ளும், குறுக்கே ஒரு கட்டை கொடுத்தால் நின்றுவிடும். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது என்பதை இங்கே யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

ருசி இருப்பது விழுவதில்தான். எந்தக் கட்டை முதலில் விட்டுக்கொடுத்தது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது. லாரி ஆற்றில் கிடக்கும்போதே கை அந்த இடத்தைத் தேடிப் போகிறது. இதுதான் விடை என்று ஒன்று கிடையாது. பார்க்கச் சகிக்காத பாலமும் வண்டியைக் கரைசேர்த்தால் பாஸ்.

இந்த வகையின் உச்சம் 'வேர்ல்ட் ஆஃப் கூ'. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் கைல் கேப்ளர் செய்துபார்த்த சின்ன முயற்சி, ரான் கார்மலின் கூட்டில் 2008-இல் முழு விளையாட்டானது. இதில் செங்கல்லுக்கே உயிர் உண்டு. கண் விழித்துப் பார்க்கும் பிசின் உருண்டைகளை ஒட்டி ஒட்டி உயர்த்தினால் கோபுரம் கள் குடித்தவன்போல் ஆடும். ஒரு பக்கம் கனத்தால் எதிர்ப்பக்கம் ஏற்ற வேண்டும். சோளத்தட்டுப் போர் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சிய உருண்டைகளைக் கொண்டு தனியாக ஒரு கோபுரம் எழுப்பலாம். மற்ற ஆட்டக்காரர்கள் எட்டிய உயரங்கள் அதைச் சுற்றி மேகங்களாக மிதக்கும்.

குறையும் உண்டு. கொத்தனார் முதலில் கேட்பது கடைக்கால் எவ்வளவு ஆழம் என்றுதான். 'பாலி பிரிட்ஜ்' கரையில் அசையாத புள்ளிகளைச் சும்மா கொடுத்துவிடுகிறது. மண் இறங்காது, இரும்பு துருப்பிடிக்காது.

படகு வந்தால் பாலம் திறக்க வேண்டிய கட்டங்களும் 'பாலி பிரிட்ஜில்' உண்டு. நம்மூர் ஆட்டக்காரர்களுக்குப் பாம்பன் நினைவு வராமல் இருக்காது. 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தை உப்புக்காற்று ஓயாமல் அரித்தது. 1964 டிசம்பர் புயல் சிதைத்தது. விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாலம் பழையபடி நிற்கும். பாம்பனில், ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், அதற்கு 46 நாள் ஆனது.