மழை யார் பக்கம்?

வெளிநாட்டு அணி வரும்போது நம் அணியின் வாய்ப்பை எடைபோடும் பேச்சை எப்படி ரசிப்பது

2018 ஜூலை, கடைசி வாரம். அந்தமானில் நல்ல மழை. அபர்தீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தையும் மீறி மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஸ்பெயினின் ஜிரோனாவுக்கும் கால்பந்து ஆட்டம். அந்த வாரம்தான் பிளாஸ்டர்ஸ், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிட்டியிடம் 0-6 என்று தோற்றிருந்தது. அதே மெல்போர்னை ஜிரோனாவும் 6-0 என்று அடித்திருந்தது.

"நம்மள அவங்க ஆறு. அவங்கள இவங்க ஆறு. அப்ப நாளைக்குப் பன்னிரண்டா ஏட்டா?" என்றான் தமிழ்ப் பையன்.

ஏட்டன் என்றால் மலையாளத்தில் அண்ணன். அவர் ஊர் மஞ்சேரி. மலப்புறத்து மஞ்சேரி அல்ல. 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் ஊர் நினைவாகப் பெயர் வைத்த, தெற்கு அந்தமானின் மஞ்சேரி. அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கூட்டல் கணக்கு இங்க செல்லாது தம்பி. முதல் அரை மணி நேரம் கோல் விழாம நின்னாலே நமக்கு ஒரு கோல் மாதிரி."

அதுவரை பேசாமல் இருந்த வங்காளி, நாங்கள் 'தாதா' (அண்ணன்) என்று அழைப்பவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்குக் கொச்சியில மழை உண்டா?"

அந்தக் கேள்வியில் ஒரு பெரிய ரசனை இருக்கிறது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் சுமார் 1200 கிலோமீட்டர் கடல் தாண்டி இருக்கும் தீவு இது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் வரும் இணையக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்ப்பதெல்லாம் எளிதில் நடக்கிற காரியமில்லை. பேசித்தான் எடைபோட வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை வெறும் அரட்டை என்று நினைக்காதீர்கள். ஆட்டத்தின் முதல் பாதியே அதுதான் என்பேன். அதைக் கேட்கவும் அதில் கலந்துகொள்ளவும் சில வழிகள் உண்டு.

எதிரணி எதற்காக வருகிறது?

முதலில் இதைக் கேளுங்கள். பெயரைக் கேட்டு மலைப்பது அப்புறம்.

ஜிரோனா அப்போது லா லிகாவில் தன் முதல் சீசனைப் பத்தாம் இடத்தில் முடித்திருந்தது. சொந்த மைதானத்தில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்றும் இருந்தது. ஆனால் ஜூலை என்பது அவர்களுக்கு சீசனுக்கு முந்தைய தயாரிப்புக் காலம். ஆகஸ்டில் லீக் தொடங்கிவிடும் என்பதால் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வருவார்கள். நம் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கவோ இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இதற்கு மாறாக 2008 மே 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் லீக், கோப்பை இரண்டையும் வென்ற கையோடு பயர்ன் மியூனிக் கொல்கத்தா வந்தது. கோல்கீப்பர் ஆலிவர் கானின் வழியனுப்பு ஆட்டம் அது. சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். உள்ளூர் அணியான மோகன் பகான் 0-3 என்று தோற்றது. சீசன் முடிந்து களைத்து வரும் அணி, நமக்குப் பழகிய மே மாத வெக்கை, விடைபெறும் தலைவனுக்காகத் தோற்கக்கூடாது என்ற அவர்களின் வைராக்கியம். இந்த மூன்றையும் தராசில் வைத்துப் பார்த்தால்தான் அந்த 0-3 முழுமையாகப் புரியும்.

மழையை யார் கணக்கில் எழுதுவது?

ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நுணுக்கம் உண்டு.

1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகானுக்கு எதிரில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு வேகம் உண்டு, பந்து சொன்னபடி கேட்கும். ஈரப் புல்லில் வழுக்கும். மழைக்காலத்தில் இறுதி ஆட்டம் என்றால் வானத்தைப் பார்க்காமல் யாராலும் வாய்ப்பைச் சொல்ல முடியாது. முதல் கோல் சிப்பாய்களுடையது. அணித்தலைவர் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்தார். 2-1.

1977 செப்டம்பர் 24. ஈடன் கார்டன்ஸில் பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ். மோகன் பகான் இப்போது பூட்ஸ் போட்ட அணி. மைதானம் மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்தது. அந்தச் சேறு உள்ளூர்க் கால்களுக்குப் பழகியது. விலைமதிப்பற்ற விருந்தாளிகளுக்குப் பயம். ஷ்யாம் தாப்பாவும் முகமது ஹபீபும் கோல் போட, ஆட்டம் 2-2.

முதல் ஆட்டத்தில் எமனாக வந்திருக்கக்கூடிய மழை, இரண்டாவதில் பன்னிரண்டாவது ஆளாக நின்றது. தாதா கேட்ட கேள்வியின் ஆழம் இதுதான். மழை வருமா என்பதோடு நிறுத்தாதீர்கள். வந்தால் யார் காலுக்கு என்றும் கேளுங்கள்.

யாரை யார் பிடிப்பது?

எதிரணியின் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவது எவருக்கும் எளிது. நம் பக்கத்தில் அவரைப் பிடிக்கப்போகிறவரின் பெயரைச் சொல்பவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். 1977-இல் பெலேயைப் பிடித்தவர் கௌதம் சர்க்கார். பெலேயின் ஃப்ரீ கிக்கைத் தடுத்தவர் கோல்கீப்பர் ஷிபாஜி பானர்ஜி. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது; வங்காள வீடுகளில் பெலேயின் பெயரோடு இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன.

எது வெற்றி என்று முன்பே சொல்லுங்கள்

இதுதான் சாரம். எது நடந்தால் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போவீர்கள்? அதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். தோற்ற பிறகு சொன்னால் அது சமாதானம்.

1977-இல் டிராவே திருவிழா. 1911-இல் கதை வேறு. அபர்தீனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது செல்லுலார் சிறை. அந்த ஜூலையில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர குமார் கோஷும் உல்லாஸ்கர் தத்தும் தீவில் கைதிகள். வங்கப் பிரிவினை இன்னும் ரத்தாகவில்லை. ஆளுகிறவனின் ரெஜிமென்ட்டோடு மோதும்போது டிராவில் யாருக்கு மனம் ஆறும்? வென்றே ஆக வேண்டியிருந்தது, வென்றார்கள். பின்னாளில், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பம் தாதாவுடையது. அவர் மோகன் பகானின் உள்ளூர்ப் போட்டியாளரான ஈஸ்ட் பெங்காலின் ரசிகர். அவரே 1911-ஐச் சொல்லும்போது மோகன் பகானை 'நம்ம ஆளுங்க' என்கிறார். வெளியூர் அணி வந்தால் உள்ளூர்ச் சண்டை ஒரு நாள் ஓய்வெடுக்கும். அந்த நாளின் அழகு அது.

எழுதி வையுங்கள்

அன்று ஏட்டன் கடைக்காரரிடம் பேனா வாங்கி, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் மூன்று வரி எழுதினார். முதல் அரை மணி தாங்குவோம். ஒரு கோல் அடிப்போம். நாலுக்கு மேல் வாங்க மாட்டோம். தாளைக் கிழித்துப் பையனிடம் கொடுத்தார்.

மறுநாள் ஆட்டம் 0-5. ஆனால் முதல் பாதியில் விழுந்தது ஒரே கோல். அதுவும் இடைவேளை நெருங்கும்போதுதான். அதுவரை டீக்கடையில் இருந்த அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பந்து நம் பெனால்டி பெட்டிக்குள் வரும்போதெல்லாம் பையன் அந்தத் தாளை இறுக்கிப் பிடித்தான். முப்பதாவது நிமிடம் தாண்டியதும் தாதாதான் முதலில் கை தட்டினார்.

கடைசி விசிலுக்குப் பிறகு பையன் தாளைப் பிரித்தான். ஒரு வரி சரி, இரண்டு வரி தப்பு. சரியான வரிக்கு எதிரில் ஒரு டிக் போட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பன்னிரண்டு இல்ல ஏட்டா" என்றான். அந்தக் குரலில் தோல்வி இல்லை. வெளியே மழை விட்டிருந்தது.