சனிக்கிழமைக்காரரின் பியானோ

பார்முலா 1 ரசிகர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்தான் பெரிது. எனக்குச் சனிக்கிழமை. அன்றைய தகுதிச் சுற்றில் முந்தவும் முட்டவும் ஆளில்லை. ஒரே ஒரு சுற்றைச் சுத்தமாக முடிக்க வேண்டும். கச்சேரியில் பக்கவாத்தியம் ஓய்ந்திருக்க, ராகத்தைத் தனியாக விரிப்பது போல. மொனாக்கோவில் பிறந்த ஃபெராரி ஓட்டுநர் சார்ல் லெக்லேர் இதில் மகா கெட்டிக்காரர். 2024 முடிவில் அவர் கணக்கில் போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம், 26. வெற்றி எட்டுதான்.

2017இல் பார்முலா 2 பட்டம், 2018இல் சாபர் அணி, மறு ஆண்டே ஃபெராரி. ஏற்றம் வேகமானது, கூடவே சாவுகளும் வந்தன. ஞானத்தந்தையாக நின்ற ஓட்டுநர் ஜூல் பியான்கி, சுசூகா விபத்தில் அடிபட்டு 2015இல் இறந்தார். 2017இல் தந்தை போனார். அதே வாரம் பாக்கூவில் ஓட்டி வென்றார் மகன். 2019இல் ஸ்பா தடத்தில் நண்பர் அந்துவான் யூபேர் இறந்த மறுநாள், அங்கேயே லெக்லேருக்கு முதல் பார்முலா 1 வெற்றி.

2020 ஊரடங்கில் பியானோ பழகினார். 2023 ஏப்ரலில் அவரது பியானோ இசை ‘ஏயுஎஸ்23’ வெளிவந்தது. ஆஸ்திரேலியா, 2023 என்று பொருள். அதே மாதம் மெல்போர்னில், முதல் சுற்றிலேயே சக ஓட்டுநர் ஸ்ட்ரோலின் காரோடு உரசிச் சரளையில் சிக்கி வெளியேறியிருந்தார். ஒரு சுற்றுகூட முடிக்காத ஊருக்கு ஒரு பாட்டு! அடுத்து வந்தவற்றுக்கு மயாமி, மொனாக்கோ பெயர்கள். அந்த ஆண்டு மயாமியில் ஏழாமிடம். மொனாக்கோவில் தகுதிச் சுற்றில் இன்னொரு ஓட்டுநர் நாரிஸுக்குக் குறுக்கே நின்றதற்காக மூன்று இடம் பின்தள்ளப்பட்டு ஆறாமிடம்.

இசையில் ஆத்திரம் துளியும் இல்லை. இன்ஜின் உறுமலைப் பியானோவில் காட்டும் மலிவான உத்தியும் இல்லை. ஒரு சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப உருள, அதன்மேல் மெட்டு சிக்கனமாக நடக்கிறது. பெரிய வித்தை என்று சொல்ல மாட்டேன். ஆனால், மொனாக்கோவின் தடுப்புச் சுவரை டயர் தொடுமளவு நெருங்கி ஓட்டும் மனிதர், பியானோவில் தன் விரலுக்கு எட்டாத எதையும் தொடுவதில்லை. அந்த அடக்கம்தான் என்னைக் கட்டிப்போட்டது. இங்கும் அவர் தனியாகத்தான் இருக்கிறார், உரச யாருமில்லை.

2024 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பியானோ கலைஞர் சோஃபியான் பமாருடன் சேர்ந்து ‘ட்ரீமர்ஸ்’ வெளியிட்டார். மெருகு கூடியது உண்மை. ஆனால் தேர்ந்த கை ஒன்று பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, லெக்லேரின் தயக்கம் காணாமல் போய்விட்டது. எனக்கு அந்தத் தயக்கம்தான் வேண்டும்.

அந்த மே மாதம் மொனாக்கோவில் வென்றார். 1931இல் லூயி ஷிரோனுக்குப் பிறகு அங்கே வென்ற முதல் மண்ணின் மைந்தர். கடைசிச் சுற்றுகளில் தந்தையின் நினைவு வந்து, சுரங்கத்தைவிட்டு வெளியே வரும்போது கண்ணீரில் பாதை சரியாகத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

புதிதாகக் கேட்பவர்கள், அந்த மொனாக்கோ வாரத் தகுதிச் சுற்றை, காருக்குள்ளிருந்து எடுத்த காணொளியில் முதலில் பாருங்கள். பிறகு ‘ஏயுஎஸ்23’. ‘ட்ரீமர்ஸ்’ கடைசியில் போதும்.